கஜா புயலும் ஒரு தென்னந்தோப்பும்: நிவாரணம் கைக்கு வந்த எட்டு மாதம்

கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே நாலைந்து ஊர்களுக்கு நான் மனு எழுதிக்கொடுத்தேன். அதற்கு எனக்கிருந்த தகுதி, வேளாண்மையில் பட்டயப் படிப்பும் எழுத்தில் கொஞ்சம் பொறுமையும்தான். அப்படி எழுதிய குடும்பங்களில் ஒன்றின் கதை இது. ஊர், ஆட்கள், அலுவலகம் எதன் பெயரும் இதில் இல்லை. நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். அடுத்த புயலில் மனு எழுத உட்காருகிறவர் அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பின்னணி

எங்கள் பகுதி கல்லணைக் கால்வாய்ப் பாசனம். ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், புது ஆறு என்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருகிற வருடம் வரும், வராத வருடம் வராது. அதனால் இருபது முப்பது வருடங்களில் நஞ்சையில் பாதி தோப்பாகிவிட்டது. நெல் நட்ட வயலிலேயே வரப்பைக் கரைத்துவிட்டுத் தென்னை வைத்தார்கள். வயல் மாறியது. கிராமக் கணக்கில் அது மாறியதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்தக் குடும்பத்துக்கு மொத்தம் 1.20 ஹெக்டேர், சுமாராக மூன்று ஏக்கர். ஒரே பட்டா, மூன்று உட்பிரிவு. பட்டா 2004இல் இறந்துபோன அப்பாவின் பெயரில். மகன்கள் மூன்று பேர். மூத்தவர் ஊரில் இருக்கிறார், அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். இரண்டாமவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மூன்றாமவர் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார், அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு தோப்பின் ஓரத்தில் கூரை வீட்டில் இருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

யாருக்கு எவ்வளவு என்று தகராறு எதுவும் இல்லை. அப்பா இருந்தபோதே வாய்மொழியாக ஆளுக்கு ஓர் உட்பிரிவு, அதாவது 0.40 ஹெக்டேர் என்று பிரித்துக் கொடுத்திருந்தார். எதுவும் பத்திரத்தில் இல்லை. தோப்பில் மொத்தம் 218 மரம், எல்லாம் நெட்டை ரகம், பெரும்பாலும் இருபது வயதுக்கு மேல்.

நவம்பர் 16 முதல் 20 வரை

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. எங்களுக்கு அது கிழக்கே. புயல் மேற்கே நகர்ந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, அந்தப் பக்கம் ஆலங்குடி, கீரமங்கலம் வரை தென்னையைச் சாய்த்துக்கொண்டே போனது. 1952 புயலைச் சின்ன வயதில் பார்த்த கிழவர்கள்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். 52இல் இவ்வளவு தென்னையும் இல்லை.

அக்காவும் பிள்ளைகளும் முன்னிரவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் உயிர் பிழைத்தார்கள். கூரை வீடு முழுதாகப் போய்விட்டது. கொட்டகையில் கட்டியிருந்த கறவை மாட்டின் மேல் ஒரு மரம் விழுந்து, மாடு அங்கேயே செத்தது. பெரியவரின் மூன்று ஆடுகளைக் காணவில்லை.

மறுநாள் 17ஆம் தேதி மாட்டைப் புதைத்துவிட்டார்கள். தார் ரோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மரங்கள் குறுக்கே கிடந்தன, கால்நடை மருத்துவர் வர வழியில்லை, வீட்டுப் பக்கத்திலேயே நாற்றம். நான் அங்கே இருந்திருந்தாலும் புதைக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மாடு செத்ததற்கு நிவாரணம் வாங்க மருத்துவரின் சான்று வேண்டும் என்பது அப்போது அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது 18ஆம் தேதி மாலை. பெரியவர் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். "தம்பி, வழிய மட்டும் வெட்டி விட்டுடறேன்" என்றார். அடுத்த வீட்டில் ஏற்கெனவே எல்லா மரத்தையும் துண்டு போட்டு ஒதுக்கிவிட்டார்கள். அந்த வீட்டுக் கணக்குப் பிறகு எப்படி முடிந்தது என்பது வேறு கதை. இருபது மரத்துக்குமேல் அவர்களால் நிரூபிக்க முடியவில்லை.

வெட்டுவதற்கு முன் எண்ணியது

அன்று எடுத்த முதல் முடிவு, எண்ணிக் குறித்துவிட்டுத்தான் வெட்டுவது. கரண்ட் கிடையாது, கடை கிடையாது, பெயிண்ட் எங்கே போவது? அக்காவின் சாமான்களைக் கிளறியபோது போன மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த சிவப்பு பெயிண்ட் ஒரு டப்பாவில் கால்வாசி இருந்தது. மேலே தோல் கட்டியிருந்தது, குச்சியால் கிழித்துக் கலக்கினோம். விழுந்த ஒவ்வொரு மரத்தின் தண்டிலும் அடிக்கட்டையிலும் ஒரே எண்ணை எழுதினோம். தண்டை ஒதுக்கினாலும் கட்டை அங்கேயே இருக்கும், இரண்டும் பொருந்தும்.

ஒரு நோட்டில் உட்பிரிவு வாரியாக மூன்று பத்தி போட்டோம். வேரோடு சாய்ந்தது அல்லது நடுவில் முறிந்தது 149. நின்றுகொண்டிருந்தது, ஆனால் குருத்து திருகியது அல்லது ஒடிந்தது 27. நல்லபடியாக நின்றது 42. பங்கு பார்த்தால் விழுந்தவற்றில் பெரியவர் பங்கில் 58, இரண்டாமவர் பங்கில் 52, அக்கா பங்கில் 39.

பக்கத்து வீட்டுப் பையன் 16ஆம் தேதி காலையில் மாடு மரத்தடியில் கிடந்ததைத் தன் போனில் படம் எடுத்திருந்தான். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. டிராக்டர் பேட்டரியில் கொடுத்து உயிர் வரவைத்தோம். படத்தில் மாட்டின் நெற்றி வெள்ளையும் மேலே கிடந்த மரமும் தெளிவாகத் தெரிந்தன. இன்னொன்று, பால் சங்க அட்டை. தினமும் காலை, மாலை என்று அளவு எழுதிய கட்டங்கள் நவம்பர் 15 மாலையோடு நின்றிருந்தன. பிறகு மருத்துவர் வந்தபோது குழியைத் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படத்தையும் அட்டையையும் பார்த்து, கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) முன்னிலையில் அக்கம்பக்கத்தாரின் கையெழுத்தோடு எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். சடலம் இல்லாமல் எழுத மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆடுகளுக்குப் படமும் இல்லை, சடலமும் இல்லை. அது அப்படியே போயிற்று.

என்ன கிடைக்க வேண்டும்

கணக்கைப் புரிந்துகொள்ள இரண்டு அளவுகோல்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு சண்டை போட்டவர்கள் ஏராளம்.

மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து கொடுப்பதற்கு ஒன்றிய அரசு வகுத்த அளவு ஒன்று. அப்போது நடப்பில் இருந்தது 2015இல் திருத்தியது. பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய், பலவருடப் பயிருக்கு 18,000 ரூபாய், கறவை மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000. தென்னையும் பலவருடப் பயிர்தான். இந்தக் குடும்பத்தின் 1.20 ஹெக்டேர் முழுதுக்கும் அந்தக் கணக்கில் 21,600 ரூபாய்தான் வரும். 149 மரம் விழுந்த தோப்புக்கு!

மாநில அரசு அதற்கு மேலே போய் மரக்கணக்கில் அறிவித்தது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். முழுதாகச் சேதமான கூரை வீட்டுக்கு 10,000. மரத்துக்கு 1,100 என்பது காய்க்கிற மரத்தின் ஒரு வருட வருமானத்தைச் சுற்றித்தான் வரும். நெட்டைக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். இருந்தாலும் 18,000ஐ நினைத்துப் பார்த்தால் அது பெரிய வித்தியாசம், அதை மறுக்க முடியாது.

மரக்கணக்கு வந்ததும் எல்லாக் கேள்வியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டது: யார் எண்ணுவது, எந்த மரத்தை எண்ணுவது, அது யாருடைய மரம்?

முதல் பட்டியல்

நவம்பர் கடைசியில் விஏஓவும் உதவி வேளாண் அலுவலரும் சேர்ந்து எண்ண வந்தார்கள். ஒரே ஆள் தலையில் மூன்று ஊர்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சிவப்பு எண்ணைப் பார்த்ததும் வேளாண் அலுவலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பதினைந்து நிமிடத்தில் சரிபார்த்து முடித்தார். குருத்து ஒடிந்த 27ஐப் பற்றிக் கேட்டதற்கு, "நிக்கிற மரத்த நான் எப்படிங்க விழுந்ததுன்னு எழுதறது" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். பெரியவர் அதை விரலால் தடவித் தடவிப் படித்தார். இறந்துபோன அப்பாவின் பெயருக்கு நேரே 110 மரம். அக்காவின் 39ஐக் காணோம். வேறொரு பக்கத்தில், நெல் பட்டியலில், அதே பட்டாவின் மூன்றாவது உட்பிரிவு இருந்தது: நெல், 0.40 ஹெக்டேர், 5,400 ரூபாய்.

அடங்கலில் நெல்

பசலி 1428க்கான, அதாவது 2018 ஜூலையில் தொடங்கிய வருவாய் ஆண்டுக்கான, அடங்கலை எடுத்துப் பார்த்தோம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வருடா வருடம் எழுதுகிற கிராமக் கணக்கு அது. இரண்டு உட்பிரிவுகளுக்குத் தென்னை என்று இருந்தது. மூன்றாவதில் நெல். அந்தத் துண்டில் கடைசியாக நெல் விளைந்தது மூன்றாமவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு. ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைப் பார்த்து எழுதியே வந்திருக்கிறது. அலுவலகத்தில் எண்ணியதைப் பட்டியலாக ஏற்றும்போது கணினியில் இருந்த பயிரோடு பொருந்தாத 39 மரங்களைத் தட்டிவிட்டு, கணக்கில் இருந்த நெல்லுக்கு நிவாரணம் போட்டிருக்கிறார்கள்.

இது என் முதல் தவறு. மனுவில் "தென்னந்தோப்பு" என்று எழுதினேன், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவின் நகல் இணைத்தேன், அடங்கலை எடுத்துப் பார்க்கவே இல்லை. நேரில் தோப்பைப் பார்த்தவனுக்குத் தாளில் வேறாக இருக்கும் என்று தோன்றவில்லை. நவம்பரிலேயே பார்த்திருந்தால், எண்ண வந்த அன்றே விஏஓவிடம் அடங்கல் திருத்தம் கேட்டிருக்கலாம்.

5,400ஐ வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கையில் காசில்லாத டிசம்பர் அது. வாங்கினால் அந்த நிலத்தில் நெல்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நான் சொன்னேன். சட்டப்படி அப்படித்தானா என்று எனக்கு உறுதியில்லை, ஆனால் இரண்டும் கிடைக்காது என்பது மட்டும் தெரியும். அக்கா ஒரு நாள் யோசித்தார். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். 39 மரத்துக்கு 42,900 வர வேண்டும், வராமலும் போகலாம். அந்த முடிவை எடுத்த நெஞ்சுரம் அவருடையது, என்னுடையதல்ல.

திருத்தத்துக்கு ஆதாரமாக வைத்தவை இரண்டு. எண் எழுதிய அடிக்கட்டைகளின் படம், அதில் பக்கத்தில் கைமுழத்தை வைத்துச் சுற்றளவு தெரிய எடுத்தது. இருபது வருடக் கட்டை நேற்று முளைத்ததில்லை என்று யாருக்கும் தெரியும். அப்புறம் தேங்காய் வியாபாரி தன் நோட்டில் எழுதிவைத்திருந்த ஆறு வருடப் பறிப்புக் கணக்கு. வருவாய் ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். பொங்கல் கழிந்து அடங்கல் திருத்த உத்தரவு வந்தது.

யார் பெயரில் பணம்

இறந்தவர் பெயரில் பட்டியல் இருந்தால் பணம் எந்தக் கணக்குக்குப் போகும்? அலுவலகத்தில் இரண்டு வழி சொன்னார்கள். மற்றவர்கள் சம்மதக் கடிதம் கொடுத்தால் ஒருவர் கணக்கில் மொத்தமும் போடுவோம். இல்லையென்றால் எல்லா வாரிசுகளும் சேர்ந்து யார் எவ்வளவு அனுபவிக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பிரித்துப் போடுவோம்.

முதல் வழி சுலபம் என்று நான் பெரியவர் பெயரில் சம்மதக் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டாவது தவறு. அக்கா அதைக் கையில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார், கையெழுத்துப் போடவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: பெரியவங்க நல்லவங்கதான், ஆனா காசு ஒரு கைக்குப் போனா நான் கேட்டு வாங்கணும்ல. பெரியவருக்கும் இதில் வருத்தம் இருந்தது. நம்பவில்லையே என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இதெல்லாம் எந்த மனுவிலும் வராது, ஆனால் மூன்று வாரம் இதில்தான் போனது.

இரண்டாவது வழிக்குப் போனோம். திருப்பூர்க்காரருக்கு லீவு கிடைக்க வேண்டும். வாரிசுச் சான்று வேண்டும். 2006இல் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி வந்த சமயம் வாங்கிய சான்று ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது, புயலில் நனைந்து மை பரவிப்போய். அதைப் பிரித்துக் காயவைத்தபோதுதான் நாலாவதாக ஒரு பெயர் இருப்பதைப் பார்த்தோம். தங்கை. மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தவர். இத்தனை நாள் பேச்சில் ஒருவர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டப்படி அவரும் வாரிசு, அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

டிசம்பர் கடைசியில் அவர் வந்தார். பங்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது அவருடைய உரிமை. அந்த வீட்டில் அன்று எல்லோரும் அதை நினைத்துப் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தோப்புக்குள் ஒரு நடை போய்விட்டு வந்தார். கிணற்று மேட்டில் அம்மா வைத்த மரம் நிற்கிறதா என்று பார்க்கப் போனாராம். அது நின்ற 42இல் ஒன்று.

குருத்து ஒடிந்த மரங்கள்

தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. குருத்து போனால் பக்கக்கிளை வராது. ஆனால் உடனே சாகாது. பழைய மட்டைகள் பச்சையாகவே நிற்கும், ஒன்றிரண்டு குலை முற்றிப் பறிக்கவும் வரும். இரண்டு மூன்று மாதத்தில் தலை அழுகிச் சாயும். நவம்பரில் எண்ண வருகிறவருக்கு அது நிற்கிற மரம். மார்ச்சில் அது மொட்டைத் தூண்.

ஜனவரி விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் 27 மரத்துக்கும் மறு ஆய்வு கேட்டு மனு கொடுத்தோம். அதே உதவி வேளாண் அலுவலர் மறுபடி வந்தார். அதற்குள் 11 மரத்தில் தலை ஒடிந்து தொங்கியது. அவற்றைச் சேர்த்துக்கொண்டார், அக்கா பங்கில் 6, பெரியவர் பங்கில் 5. மீதி 16க்கு, தலை விழட்டும், அப்புறம் கூப்பிடுங்கள் என்றார். அவர் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நினைத்துச் சொன்னார்.

மார்ச் 10ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதி. திங்கட்கிழமை மனு நாளும் இல்லை, விவசாயிகள் கூட்டமும் இல்லை. வருவாய்த்துறை முழுக்கத் தேர்தல் வேலையில். தமிழகத்தில் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, ஆனால் எண்ணிக்கை மே 23. அந்தக் கோடையில் 16இல் 10 மரம் செத்தது. ஜூனில் போய்க் கேட்டபோது கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்றார்கள். மரங்கள் தேர்தல் அட்டவணை பார்த்துச் சாவதில்லை. ஆனால் நான் ஜனவரியிலேயே அந்த 16க்கும் நிலுவைக் குறிப்பு ஒன்று எழுதி வாங்கியிருந்தால், ஜூனில் பேசப் பிடி இருந்திருக்கும். வாய்வார்த்தையை நம்பி வந்துவிட்டேன்.

பத்து மரத்துக்கு 11,000 ரூபாய். பணத்தைவிட மோசம் அவை நின்றதுதான். அழுகும் தென்னைத் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். காயம்பட்ட மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். வெட்டி அகற்ற அரசு கொடுத்த 500 ரூபாயின் நோக்கமே இதுதான். வெட்டினால் சாட்சி போய்விடும் என்று நாங்கள் அந்தப் பத்தையும் ஜூன் வரை நிற்க விட்டோம். புதிதாக வைத்த கன்றுகளின் குருத்தில் விசிறி போல வெட்டுப்பட்ட ஓலை வந்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது.

திரும்பிப் போன பணம்

பெரியவருக்கும் இரண்டாமவருக்கும் பிப்ரவரி கடைசியில் பணம் ஏறியது. அக்காவுக்கு மார்ச் முதல் வாரம் அனுப்பியதாகச் சொன்னார்கள். வரவில்லை. பட்டியலில் "செலுத்தப்பட்டது" என்று இருந்தது. வங்கியில் கேட்டால் எதுவும் வரவில்லை என்றார்கள். மூன்றாவது முறை போனபோது ஒரு இளம் அலுவலர் திரையைத் திருப்பிக் காட்டினார். பணம் வந்து, திரும்பிப் போயிருந்தது.

அது 2014 முகாமில் புகைப்படமும் கைரேகையும் மட்டும் கொடுத்துத் திறந்த சிறு கணக்கு. முழு ஆவணம் சேர்க்காத அந்த வகைக் கணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றார். அக்கா கணக்கில் வீட்டு நிவாரணம் 10,000, மாட்டுக்கு வந்த 30,000, பழைய இருப்பு கொஞ்சம் என்று நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. மாடு வாங்குவதற்காகத் தொடாமல் வைத்திருந்தார். அதன் மேல் 49,500 வந்ததும் கணக்கு ஏற்கவில்லை. கண்டபடி செலவழித்திருந்தால் பணம் ஏறியிருக்கும்!

ஆதாரும் ரேஷன் அட்டையும் கொடுத்துக் கணக்கை மாற்ற ஒரு நாள் போதுமாக இருந்தது. திரும்பிப்போன தொகையை மறுபடி பட்டியலிட்டுக் கருவூலம் வழியாக அனுப்ப நாலு மாதம். 2019 ஜூலை இரண்டாம் வாரம் பணம் வந்தது.

கைக்கு வந்தது

பெரியவருக்கு 63 மரத்துக்கு 69,300. இரண்டாமவருக்கு 52 மரத்துக்கு 57,200. அக்காவுக்கு 45 மரத்துக்கு 49,500, தவிர மாட்டுக்கும் வீட்டுக்கும் 40,000. மொத்தம் 160 மரம், 1,76,000 ரூபாய். முதல் பட்டியலை அப்படியே விட்டிருந்தால் 110 மரத்துக்கு 1,21,000மும், நெல்லுக்கு 5,400மும், அதுவும் இறந்தவர் பெயரில்.

அக்கா மாடு வாங்கினார். புதிய கன்றுகள் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரில் போய் வாங்கி வந்தது, பாதி நெட்டை, பாதி கலப்பினம். ஊடுபயிராக உளுந்தும் கடலையும் போட்டார்கள். திருப்பூர்க்காரர் தன் பங்கை அண்ணனிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுபடி செய்தால்

முதலில் பெயிண்ட் டப்பா, பிறகுதான் அரிவாள். இது ஒன்றை நாங்கள் சரியாகச் செய்தோம், அதுவும் தற்செயலாக. செத்த மாட்டைப் புதைக்கத்தான் வேண்டும், ஆனால் நாலு பக்கமும் படம் எடுத்து, இரண்டு பேர் பெயரை எழுதிக்கொண்டு புதைக்கலாம்.

அடங்கலைப் புயலுக்குப் பிறகு பார்ப்பது வீண். ஒவ்வொரு பசலியிலும் ஒரு தடவை பார்த்து, பயிர் தப்பாக இருந்தால் அப்போதே திருத்தச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பு அதைச் செய்துவிட்டால் நல்லது. யார் யார் வாரிசு என்று கேட்கும்போது கட்டிக்கொடுத்த பெண்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான் ஆண்களிடம் மட்டும் கேட்டேன். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நகலெடுப்பதோடு நிறுத்தாமல் அது என்ன வகைக் கணக்கு என்று விசாரிக்க வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டத்தில் அப்போது 16 முதல் 60 வயது மரத்துக்கு வருடப் பிரீமியம் 14 ரூபாய், அதில் பாதி வாரியம், கால்வாசி மாநில அரசு, விவசாயி கட்டுவது மூன்றரை ரூபாய். காப்பீட்டுத் தொகை மரத்துக்கு 1,750. இந்தத் தோப்பு முழுதுக்கும் வருடத்துக்கு 763 ரூபாய்தான் ஆகியிருக்கும். அப்படி ஒரு திட்டம் இருப்பதே அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நான் பட்டயப் படிப்பில் படித்திருந்தேன், தேர்வுக்கு மட்டும்.

படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும்: நிற்கிறது, ஆனால் சாகும். அந்த மரங்களுக்கு மூன்று மாதம் கழித்து ஒரு மறுகணக்கு. இதை மாவட்டக் கூட்டத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். பதில் வந்தது, பரிசீலிக்கப்படும் என்று. ஒன்றிய அளவுகளை 2022இல் உயர்த்தினார்கள், பலவருடப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. மரத்தை எப்போது எண்ணுவது என்பது அதில் இல்லை.

போன வருடம் அந்தப் பக்கம் போனபோது கன்றுகள் பாளை விட்டிருந்தன. மூன்று உட்பிரிவுக்கும் அடங்கலில் தென்னை என்றே இருக்கிறது. பட்டா மாறுதலுக்கு நாலு பேரும் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று அப்போதே பேசியிருந்தோம். பெரியவரிடம் கேட்டேன். தங்கச்சி வர்றப்ப பாத்துக்கலாம் தம்பி என்றார். பட்டா இன்னும் அவர் அப்பா பெயரில்தான் இருக்கிறது.